கோபமான நாட்களில் வளைந்த நுண்குழல்கள்

பதினைந்தே நிமிடம் என்று எழுதிய சீட்டை என் கண்ணில் படும்படி உயர்த்திப் பிடித்தபடியே, இந்த அவைக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே! என் கட்டுரைகளைப் படித்துவிட்டு, புரிந்ததாகப் பெருந்தன்மையோடு தலையசைத்த ஆன்றோர்களே! பள்ளிவிட்ட பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்து, அவர்கள் வாயில் பிஸ்கட்டையும் தங்கள் வாயில் விரலையும் வைத்து அமைதி காக்கும் அன்னையர்களே! நான் அழுக்காக்கிய கண்ணாடித் தகடுகளை முப்பது ஆண்டுகள் முகம் சுளிக்காமல் கழுவித் தந்த கைகளே! நான் கெடுத்த எந்திரங்களையெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே திருத்தித் தந்த எந்திரப் பொறுப்பாளர் அவர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் மாணவ மணிகளே! முதல் வரிசையில், இவள் என்ன பேசித் தொலைக்கப்போகிறாளோ என்று இப்போதே நெளியத் தொடங்கிவிட்ட என் அன்புக் கணவரே! மூன்றாம் வரிசையின் ஓரத்தில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாராக அமர்ந்திருக்கும் என் நாத்தனாரே! உங்கள் ஒவ்வொருவரையும் நெஞ்சு நிறைய வணங்குகிறேன்.

எனக்கு முன்னே மூவர் பேசினார்கள். மூவரும் வஞ்சனையில்லாமல் புகழ்ந்தார்கள். ஒருவர் என்னை நுண்குழல்களின் நாயகி என்றார். இன்னொருவர் வளைந்தவற்றை வாழவைத்தவர் என்றார். மூன்றாமவர் "முப்பதுக்கு முப்பது!" என்று முழங்கினார், நீங்கள் கூரை அதிரக் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓரமாக வைத்திருக்கிறேன். நான் பேசி முடித்த பிறகும் உங்களுக்கு மனமிருந்தால் அப்போது மறுபடி தட்டுங்கள்.

ஏனென்றால், நான் பாராட்டு வாங்க வரவில்லை. ஒரே ஒரு கையெழுத்து வாங்க வந்திருக்கிறேன். அந்தக் கையெழுத்துக்கு உரியவள் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். போடுவாளா, மாட்டாளா, எனக்குத் தெரியாது. இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் தெரிந்துவிடும்.

பெரியோர்களே, கொஞ்சம் பாடம் நடத்த அனுமதியுங்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், தூங்கிவிடாதீர்கள்.

செல் என்றால் ஏதோ ஒரு பை நிறையத் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள்ளே தாங்கும் தூண் உண்டு. சரக்குப் போகும் சாலை உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப் பொருளைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு பக்கமும் இழுத்துப் போகும் கயிறும் உண்டு. தூணும் அதுவே, சாலையும் அதுவே, கயிறும் அதுவே. அதன் பெயர்தான் நுண்குழல். ஒரு தலைமுடியின் அகலத்தில் அதுபோல மூவாயிரத்தை அருகருகே படுக்க வைக்கலாம். புரத மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நுனியில் அது நீளும், நீளும், நீண்டுகொண்டே போகும். திடீரென்று என்ன நினைத்துக்கொள்ளுமோ, நுனியிலிருந்து மளமளவென்று சரியும். சரிந்தது சில வேளை பாதியில் நிற்கும். நின்று, மறுபடியும் வளரும். இதோ, நான் பேசும் இந்த நொடியிலும் உங்கள் உடம்புக்குள் இந்தக் கட்டுமானமும் கலைப்பும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவு மெல்லிய குழல் எவ்வளவு அடி தாங்கும்? இதயம் ஒருமுறை துடித்தால், இதயச் செல்லுக்குள் இருக்கும் குழல் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. இதயம் நாளொன்றுக்கு எத்தனை முறை துடிக்கிறது? லட்சம் முறை! லட்சம் முறை வளைந்த குழல் தளராதா? தளர்ந்தது ஒடியாதா? ஒடிந்தால் செல் என்ன ஆகும்? என் இளமையை முழுதாகத் தின்று தீர்த்த கேள்வி இதுதான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்விக்கு விடை கண்டவள் நான் இல்லை.

நினைத்துப் பார்க்கிறேன் அந்த அறையை! நீளத்தில் பதினோரு அடி, அகலத்தில் ஏழு அடி. ஜன்னல் கிடையாது, இருந்த ஒன்றையும் கறுப்புத் தாள் ஒட்டி நானே அடைத்துவிட்டேன். நுண்குழல் குளிர் தாங்காது, உடம்புச் சூட்டில்தான் வளரும். அதனால் நுண்ணோக்கியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு கட்டி, உள்ளே தலைமுடி உலர்த்தும் கருவியை ஓடவிட்டிருந்தேன். என் தலைமுடியை அது ஒரு நாளும் உலர்த்தியதில்லை. அந்தப் புழுக்கம், அந்த இரைச்சல், சூடேறிய பிளாஸ்டிக்கின் அந்த வாடை! இன்று எனக்குக் குளிரூட்டிய பெரிய கூடம் தந்திருக்கிறீர்கள். நன்றி. ஆனால் கண்ணை மூடினால் நான் இருப்பது அந்தப் பதினோரு அடி அறையில்தான். அங்கே இருந்த அளவுக்கு நான் பிறகு எங்குமே மகிழ்ச்சியாக இருந்ததில்லை.

நுண்ணோக்கியில் தெரிவது வீடியோ டேப்பில் பதிவாகும். டேப்பை ஓட்டி, இரண்டு நொடிக்கு ஒருமுறை நிறுத்தி, டிவித் திரையில் ஒட்டிய மெல்லிய தாளில், குழலின் நுனி எங்கே இருக்கிறது என்று புள்ளி வைக்க வேண்டும். ஒரு டேப்புக்கு மூவாயிரத்துச் சொச்சம் புள்ளி. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என்ன, முதல் வரிசையில் ஒருவர் வேகவேகமாகத் தலையாட்டுகிறார்? இருக்கட்டும், வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

அப்போதுதான் வந்தாள் என் நாத்தனார். நிலவரைபடம் வரையும் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அந்த அலுவலகம் மூடப்பட்டதும் எங்களோடு வந்து தங்கினாள். கொண்டையில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதனால் ஆய்வகத்தில் அவளுக்குப் பெயரே பென்சில். வயதில் என்னைவிட ஏழு மாதம் மூத்தவள். முறைக்கு என்னை அண்ணி என்று அழைத்தாக வேண்டியவள். அந்த "அண்ணி"யைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரலில் ஒரு சிரிப்பு இருக்கும். மரியாதை மாதிரியும் இருக்கும், கேலி மாதிரியும் இருக்கும்.

இரண்டு ஆண்டுகள். ஒரே வீட்டிலிருந்து கிளம்புவோம், ஒரே பேருந்தில் வருவோம், ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். நான் குழலை வளர்ப்பேன், அவள் புள்ளி வைப்பாள். பேச்சே இருக்காது. எப்போதாவது, "அண்ணி, இது செத்துப் போச்சு, அடுத்ததைப் பாக்கவா?" என்பாள். சரிந்த குழலுக்கு அவள் சொல்லும் சொல் அது. "அவசரப்படாத, எந்திரிச்சாலும் எந்திரிக்கும்" என்பேன். எழுந்தால் இருவரும் கை தட்டுவோம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி இருந்தது. நேராக இருக்கும் குழலை மட்டும் அளக்க வேண்டும். வளைந்தது பழுது; அந்த டேப்பைத் தனிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். உலகமே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது, நானும் செய்தேன். குழல்களின் மேல் புதுக் கரைசலைச் செலுத்த நான் கையால் சிரிஞ்சை அழுத்துவேன். மெல்ல அழுத்தினால் குழல் அசையாது. வேகமாக அழுத்தினால் வெள்ளம் வந்ததுபோல் எல்லாம் வளையும். அப்படி வளைந்த டேப்புகள் நிறையச் சேர்ந்தன. என் கை சரியில்லை என்று நானே நொந்துகொண்டேன்.

ஒரு நாள் மதியம் பென்சில் என் எதிரே வந்து நின்றாள். கையில் அந்தப் பழுதுப் பெட்டியின் டேப்புகளுக்கு அவள் வைத்த புள்ளித் தாள்கள். யார் வைக்கச் சொன்னது? யாருமே சொல்லவில்லை. சும்மா கிடக்கிறதே என்று வைத்திருக்கிறாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நேரா இருக்குற குழல் சரிஞ்சா, பெரும்பாலும் முழுசா சரிஞ்சிடுது. வளைஞ்ச குழல் அப்படி இல்ல. சரிஞ்சுக்கிட்டே வந்து, முன்னாடி எந்த இடத்துல வளைஞ்சுச்சோ, கரெக்டா அந்த இடத்துல நின்னுடுது. நின்னு, திரும்ப வளருது."

"அதெல்லாம் பழுதான டேப். கண்டபடி இருக்கும்."

"கண்டபடி இல்லண்ணி. இது நீங்க கோவமா இருந்த நாள்ல எடுத்த டேப்புல மட்டும்தான் நடக்குது."

"என்னது?"

"போன மாசம் நாலாம் தேதி டேப் மூணும் வளைஞ்சிருக்கு. மூணாம் தேதி சாயங்காலம் நீங்களும் அண்ணனும் பேசிக்கவே இல்ல. பதினொண்ணாம் தேதி அண்ணன் சாவியைத் தொலைச்சாரு, பன்னிரண்டாம் தேதி டேப் வளைஞ்சிருக்கு. இருபதாம் தேதி உங்க அம்மா வந்திருந்தாங்க, நீங்க சந்தோஷமா இருந்தீங்க. இருபத்தொண்ணாம் தேதி டேப்புல ஒரு குழல்கூட வளையல!"

சிரியுங்கள், சிரியுங்கள்! நன்றாகச் சிரியுங்கள்! அவையோர்களே, உலகத்தில் எத்தனையோ ஆய்வகங்கள். விலையுயர்ந்த கருவிகள் இருந்தன, பெரிய படிப்புப் படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆய்வாளரும் அவர் கணவரும் எந்தெந்தத் தேதியில் சண்டை போட்டார்கள் என்று தெரிந்த ஒருவர் எந்த ஆய்வகத்தில் இருந்தார்? ஒரே வீட்டில் குடியிருக்கும் நாத்தனாரைத் தவிர வேறு யாரால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்? எழுந்து நில்லுங்கள், கணவரே! உங்கள் பங்களிப்பையும் இந்த அவை அறியட்டும். மாட்டேன் என்கிறார். சரி, உட்காருங்கள்.

கோபத்தில் நான் சிரிஞ்சை ஓங்கி அழுத்தினேன். குழல் வளைந்தது. வளைந்த இடத்தில் சுவர் பிய்ந்து மணிகள் உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில், சுற்றிலும் கரைசலில் மிதந்த புது மணிகள் வந்து ஒட்டிக்கொண்டன. யாரும் கட்டளையிடவில்லை. அடிபட்ட இடத்தில் அதுவே புதுப்பித்துக்கொண்டது. பிறகு நுனியிலிருந்து சரிவு வந்தபோது, அந்தப் புதுப்பித்த இடம் "நில்" என்றது, சரிவு நின்றது. பிறகு கையை நம்பாமல், அழுத்தத்தை அளந்து தரும் பம்ப் வைத்துச் செய்தோம். நான் கோபப்பட்டாலும் படாவிட்டாலும் அதே விடைதான் வந்தது.

இனிமேல் சிரிக்காதீர்கள். இனிமேல் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கட்டுரை எழுத உட்கார்ந்தேன். புதுப்பித்த இடம் வரை சரிந்து வந்த குழல்கள் நாற்பத்தொன்று. அவற்றில் நின்றவை முப்பது. நிற்காமல் சரிந்துபோனவை பதினொன்று. முப்பதுக்கு முப்பது என்று எழுதினால் எவ்வளவு அழகு! நாற்பத்தொன்றில் முப்பது என்றால் எவ்வளவு குழப்பம்! அந்தப் பதினொன்றுக்கும் எதிரே, "படம் தெளிவில்லை" என்று எழுதினேன். ஒதுக்கினேன்.

பென்சில் பார்த்தாள். "பதினொண்ணும் தெளிவாத்தான் இருக்கு. நான்தானே புள்ளி வச்சேன்? அதையும் போடுங்க அண்ணி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இருபத்திரண்டு ஆண்டுகளாக என் காதிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும் வாக்கியத்தை இன்று உங்கள் காதிலும் போடுகிறேன். "நீ புள்ளி வைக்க வந்தவ. முடிவு பண்ண வந்தவ இல்ல" என்றேன்.

அவள் எழுந்தாள். டப்பாவைக் கழுவி வைத்தாள், தாள்களை அடுக்கி வைத்தாள், போனாள். மறுநாள் வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு வீடும் பார்த்துக்கொண்டாள். கட்டுரை வெளியானது. அதில் ஒரே ஒரு பெயர். என் பெயர். அடியில் நன்றி என்று சின்ன எழுத்தில் ஒரு வரி: "குறிப்புகள் எடுக்க உதவிய உறவினருக்கு." உறவினர்! பெயர்கூட இல்லை! அந்த உறவினர்தான் அதைக் கண்டுபிடித்தவர் என்று அங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு நாங்கள் பகையாக இருந்தோமா என்றால், இல்லை. அதுதான் கொடுமை. கல்யாணத்துக்கு வருவாள், பக்கத்தில் அமர்வாள். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் கூடவே இருப்பாள். "அண்ணி, உடம்பைப் பாத்துக்கோங்க" என்பாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. நான் போட்டிருக்கும் இந்தக் கண்ணாடிகூட அவள் அளந்து தந்ததுதான். எல்லாம் பேசுவோம். குழலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் குரலில் இருந்த அந்தச் சிரிப்பு மட்டும் காணாமல் போயிருந்தது.

இந்த விழா என்று முடிவானதும் என்னால் இருப்புக் கொள்ளவில்லை. கட்டுரை வெளியான இதழுக்குக் கடிதம் எழுதினேன். கண்டுபிடித்தவர் பெயரை முதலில் சேர்க்க வேண்டும் என்றேன். சேர்க்கலாம், ஆனால் அவரே படித்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போன மாதம் அவள் கடைக்குப் போனேன். பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகைக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

"என் மேல கோவமா பென்சில்?" என்றேன்.

"கோவமெல்லாம் அப்பவே போயிடுச்சு அண்ணி."

"அப்ப இதுல கையெழுத்துப் போடு."

படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பான பேப்பர்ல என் பேரு வேண்டாம்."

"அதுல ஒண்ணும் தப்பில்ல. பின்னாடி வந்தவங்களும் அதையே பாத்திருக்காங்க, வளைஞ்ச இடம் நிறுத்துதுன்னு."

"நிறுத்துது. எப்பவும் நிறுத்துதுன்னு அவங்க சொல்லல. நீங்க சொன்னீங்க. பதினொண்ணைத் திருத்துங்க. திருத்திட்டு, ரகசியமா அனுப்பாதீங்க. முப்பதுக்கு முப்பதுன்னு கை தட்டுனாங்கல்ல, அவங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம் யோசிக்கிறேன்."

மேடையில் நின்றுகொண்டு ஒரு பெண்ணை வற்புறுத்துகிறாளே என்று யாரும் என்னைத் தவறாக நினைக்காதீர்கள். இந்த மேடையைக் கேட்டவள் அவள்தான்.

ஆகவே, அவையோர்களே! ஆன்றோர்களே! என் பாடம் கேட்டு வளர்ந்த மாணவ மணிகளே! உரக்கச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு முப்பது என்பது பொய். படம் தெளிவில்லை என்று நான் எழுதியதும் பொய். அடிபட்டுத் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட இடம் சரிவை நிறுத்துகிறது; ஆனால் எப்போதும் அல்ல. நாற்பத்தொன்றில் முப்பது. நூற்றுக்கு எழுபத்து மூன்று. சில இடங்கள் புதுப்பித்தும் தாங்கவில்லை, ஏன் என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பதினொன்றையும் நான் வெளியே சொல்லியிருந்தால், உங்களில் ஒருவர் அந்த ஏனுக்கு இந்நேரம் விடை கண்டிருப்பீர்கள். அழகான ஓர் எண்ணுக்காக உங்களுடைய இருபத்திரண்டு ஆண்டுகளை நான் வீணாக்கினேன். என்னை மன்னியுங்கள். பென்சில், நீயும் மன்னித்துவிடு.

இதோ திருத்தக் கடிதம். இதோ படிவம்.

எழுந்துவிட்டாள். வருகிறாள். வழி விடுங்கள், கொஞ்சம் வழி விடுங்கள். தலைவர் அவர்களே, சீட்டைக் கீழே வையுங்கள். இவள் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். அவசரப்படுத்தவும் முடியாது, எத்தனையோ முறை முயன்று பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கம்தான், எல்லோரும் பொறுத்தருளுங்கள்.

முதல் பக்கம் முடிந்துவிட்டது. பேனாவைக் கேட்கிறாள். இதோ, இதோ. என்ன? எதை அடிக்கிறாய்? ஒலிபெருக்கியில் சொல், எல்லோரும் கேட்கட்டும். மாட்டேன் என்கிறாள், நானே சொல்கிறேன். "நாப்பத்தொண்ணு இல்ல அண்ணி, நாப்பத்திரண்டு. கடைசி டேப் முடியுற இடத்துல இன்னொண்ணு நிக்காம சரியுது. நீங்க அதுக்குள்ள பாக்குறதை நிறுத்திட்டீங்க" என்கிறாள்.

சரி, அப்படியானால் நாற்பத்திரண்டில் முப்பது. நூற்றுக்கு எழுபத்தொன்று. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எழுதிவிடுகிறேன். கூடாதா? ஏன் கூடாது?

"நான் சொல்றேன்னு எழுதாதீங்க. டேப்பைப் போட்டுப் பாத்துட்டு எழுதுங்க. அப்புறம்தான் கையெழுத்து" என்கிறாள்.

டேப் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதை ஓட்டும் எந்திரம்? அந்தக் காலத்து எந்திரம் இன்னும் ஓடுமா? எந்திரப் பொறுப்பாளர் கை தூக்குகிறார். ஓடுமாம்! போன வாரம்தான் தூசி தட்டினாராம்! வாழ்க நீங்கள்!

என்ன பென்சில்? இன்னொரு முறை சொல். கேட்டீர்களா, அவையோர்களே? "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர்றேன், டேப்பைத் தயாரா வைங்க, அண்ணி" என்கிறாள். குரலில் அந்தச் சிரிப்போடு சொல்கிறாள்.

கையெழுத்து இன்று கிடைக்கவில்லை. கிடைக்காததற்காக என்னைப்போல் மகிழ்ந்தவர் உலகத்தில் ஒருவரும் இருக்க முடியாது. ஓரமாக வைத்த கைதட்டலை இனி எடுக்கலாம். ஆனால் எனக்கு வேண்டாம், இவள் பக்கம் திரும்பித் தட்டுங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். இதற்கு மேல் என்னைப் பேசச் சொல்லாதீர்கள், நாளை காலை பத்து மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது. வணக்கம்.